நேரடி ஒளிபரப்பும் தேர்வின் அரசியலும்

அமெரிக்கத் தொலைக்காட்சிக் கம்பெனி ஒன்று ஒரு மேடை இசை நாடகத்தை நேரடி ஒளிபரப்புக்கென்று தேர்ந்தெடுக்கிறபோதே, விமர்சகன் எழுத உட்காரும் முன்னால், அங்கே ஒரு விமர்சனம் எழுதப்பட்டாயிற்று. எது ‘எல்லோருக்குமான’ பிரதி, எது அல்ல. யாருடைய கதை குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத் தக்கது, யாருடைய கதை குழந்தைகள் தூங்கப் போன பிறகும் கூடத்துக்குள் வரக்கூடாதது என்பதையெல்லாம் அந்தத் தேர்வு சொல்லிவிடுகிறது. பாடகிக்கு நடிக்க வந்ததா, சுருதி நின்றதா என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதுவது அதற்கப்புறம் வருகிற சங்கதி. பிராட்வே என்றாலே பணக்காரன் சமாசாரம், நமக்கென்ன அதைப்பற்றிப் பேச்சு என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். ஒரே ராத்திரியில் ஒரே நேரத்தில் ஒரு கோடிப் பேரை எதன் முன்னால் உட்காரவைக்கிறார்கள் என்பது கருத்தியல் பற்றிப் பேசுகிறவர்களுக்கு வேண்டாத விஷயமா என்ன?

முதலில் துட்டுக் கணக்கைப் பார்த்துவிடலாம். நிகழ்ச்சியைப் பதிவு செய்துவைத்து, விளம்பரங்களைத் தாண்டி ஓட்டிப் பார்க்கிற வசதி வீட்டுக்கு வீடு வந்தபிறகு விளம்பரதாரனுக்குப் பெரிய தலைவலி. அதை மீறிப் பார்வையாளனைக் கட்டிவைக்க விளையாட்டுப் போட்டி உண்டு, விருது வழங்கும் விழா உண்டு. மூன்றாவதாகக் கண்டுபிடித்ததுதான் நேரடி இசை நாடகம். கண்டுபிடித்தது என்றுகூடச் சொல்லக்கூடாது, தூசு தட்டியது. 1955 மார்ச் 7 அன்று மேரி மார்ட்டின் நடித்த ‘பீட்டர் பேன்’ என்.பி.சி.யில் நேரடியாக வந்தது. ஆறரைக் கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. 1957 மார்ச் 31 அன்று சி.பி.எஸ்.ஸில் ஜூலி ஆண்ட்ரூஸின் ‘சிண்ட்ரெல்லா’வைப் பத்துக் கோடிக்கு மேல். அதை ரோஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் தொலைக்காட்சிக்கென்றே எழுதினார்கள். 2013இல் யாரும் புதிதாக எழுதச் சொல்லவில்லை. ஏற்கனவே எல்லோருக்கும் தெரிந்திருக்கிற ஒன்றைத்தான் தேடினார்கள். ‘தெரிந்தது’ என்பதே தகுதியானது.

அப்படித் தேடியதில் 2013 டிசம்பர் 5 அன்று வந்தது ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’. கிறிஸ்துமஸ் மாதம், வால்மார்ட் விளம்பரம், கன்னிமாடம், ஏழு குழந்தைகள், மரியாவாக நாட்டுப்புறப் பாணிப் பாடகி கேரி அண்டர்வுட். இதைவிடப் பத்திரமான தேர்வு கிடையாது. ஏறத்தாழ 1 கோடியே 85 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால் பத்திரமான பிரதிக்குள்ளேயே ஒரு வெடிப்பு இருக்கிறது. அதைச் சற்று நின்று பார்க்கவேண்டும்.

ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது 1965ஆம் வருஷத்துத் திரைப்படம். கம்பெனி எடுத்துக்கொண்டதோ 1959ஆம் வருஷத்து மேடைப் பிரதி. இரண்டும் ஒன்றல்ல. படத்தில் எல்ஸாவும் மேக்ஸும் பாடுவதே இல்லை, மேடையில் பாடுகிறார்கள். அதிலே ‘நோ வே டு ஸ்டாப் இட்’ என்ற பாட்டு முக்கியமானது. நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் வரத்தான் போகிறார்கள், உன்னால் தடுக்க முடியாது, வளைந்து கொடுத்துவிட்டுப் பிழைத்துப் போ என்று இரண்டு பேரும் கேப்டனுக்குப் புத்தி சொல்கிறார்கள். கெட்டவர்கள் இல்லை அவர்கள். நகைச்சுவையாகப் பேசுகிற, நல்ல உடை உடுத்துகிற, விருந்துக்குக் கூப்பிட்டால் சந்தோஷமாக வருகிற நாகரிகமான மனிதர்கள். மேடைப் பிரதியில் கேப்டனுக்கும் எல்ஸாவுக்கும் நிச்சயித்த கல்யாணம் நின்றுபோவது இதனால்தான், அரசியலால். படத்தில் அது வெறும் காதல் விவகாரமாகிவிடுகிறது: கேப்டன் மரியாவை விரும்புகிறான், எல்ஸா விலகிக்கொள்கிறாள், அவ்வளவுதான். பாட்டை எழுதிய ஹேமர்ஸ்டைன் 1936இல் ஹாலிவுட் நாஜி எதிர்ப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். சமரசம் என்பது எவ்வளவு இனிமையான மெட்டில் வந்து உட்காரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பாட்டு 2013இல் திரும்பி வந்தது. படம் மறக்கடித்ததை வால்மார்ட் காசில் தொலைக்காட்சி ஞாபகப்படுத்திய விநோதம் இது. ஆனால் மறுநாள் பேச்செல்லாம் அண்டர்வுட் ஜூலி ஆண்ட்ரூஸ் மாதிரி இல்லை என்பதிலேயே முடிந்தது. ஜனங்கள் ஞாபகத்தோடு ஒப்பிட்டார்கள். எதிரே இருந்த பிரதியை வாசிக்கவில்லை. தெரிந்ததைத் தேர்ந்தெடுப்பதன் தந்திரம் இங்கேதான் இருக்கிறது. தெரிந்த பிரதியில் தெரியாத ஒரு வரி வந்தாலும் காதில் விழாது.

இன்னொன்று, வடிவம் சம்பந்தப்பட்டது. அந்த நாடகம் நடந்தது நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், பெத்பேஜ் என்ற ஊரின் ஸ்டூடியோவில். ஒருகாலத்தில் க்ரம்மன் கம்பெனி போர் விமானங்கள் செய்த வளாகம். அங்கே பார்வையாளர்கள் கிடையாது. இசை நாடகப் பாட்டு என்பது கைதட்டலை எதிர்பார்த்து முடிகிற பாட்டு. கடைசி ஸ்வரத்தில் கையைத் தூக்கி நிற்கிற நடிகனுக்கும் இருட்டிலிருந்து வருகிற சத்தத்துக்கும் இடையில்தான் அடுத்த வசனம் பிறக்கிறது. பெத்பேஜில் பாட்டு முடிந்ததும் நிசப்தம். நடிகர்கள் அந்த நிசப்தத்தைத் தாண்டி நடந்துபோக வேண்டியிருந்தது, அல்லது விளம்பரம் வந்து காப்பாற்றியது. தொலைக்காட்சியில் தனித்தனி நிகழ்ச்சிகள் இல்லை, எல்லாம் ஒரே ஓட்டம்தான் என்று ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் எழுதினார். ஒரே இடைவேளைக்கென்று கட்டப்பட்ட இரண்டு அங்க நாடகத்தைச் சில நிமிஷத்துக்கொரு முறை வெட்டி அந்த ஓட்டத்தில் கரைக்கிறபோது, கைதட்டல் இருந்த இடத்தில் சரக்கு வந்து உட்காருகிறது. ஃபாக்ஸ் கம்பெனி 2016 ஜனவரி 31 அன்று ‘க்ரீஸ்’ போட்டபோது பார்வையாளர்களைக் கொண்டுவந்து காட்சி அமைப்புகளுக்குள்ளேயே நிறுத்தியது. சத்தம் திரும்பியது. அது திரையில் தெரிவதற்காகத் தட்டுகிற கைகளின் சத்தம் என்பது வேறு விஷயம்.

2014இல் ‘பீட்டர் பேன்’. இது சுருக்கமாகச் சொல்லவேண்டியது, ஏனென்றால் விஷயமே சுருக்கமானதுதான். 1954ஆம் வருஷத்து மேடைப் பிரதியில் பூர்வகுடிகளை அர்த்தமற்ற சத்தங்கள் எழுப்புகிறவர்களாக்கிய பாட்டு ஒன்று உண்டு. அப்படியே போட முடியாது. சிக்கஸா இனத்தைச் சேர்ந்த இசையமைப்பாளர் ஜெரோட் டேட்டை ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். மூலப்பிரதியில் பாட்டு எழுதியவர்களில் ஒருவரான அடால்ஃப் க்ரீனின் மகள் அமாண்டா க்ரீன் புது வரிகள் எழுதினார். அப்பன் எழுதியதை மகள் துடைக்கிறாள். நேர்மையான காரியம்தான், கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் துடைத்தே ஆகவேண்டிய பிரதியை எதற்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பூர்வகுடிகள் தங்களைப்பற்றித் தாங்களே எழுதிய நாடகம் அந்தப் பட்டியலில் எந்த வருஷமும் வரவில்லை. திருத்தம் தேர்வுக்கு மாற்றாகாது.

2015 டிசம்பர் 3 அன்று ‘தி விஸ்’. முழுக்கக் கறுப்பர்கள் நடித்த நாடகம். 1975இல் பிராட்வேயில் திறந்த அன்றே மூடுகிற அறிவிப்பு ஒட்டப்பட்டு, தொலைக்காட்சி விளம்பரத்தின் தயவால் பிழைத்து நான்கு வருஷம் ஓடியது. மூல நாடகத்தில் டாரத்தியாக நடித்த ஸ்டெஃபனி மில்ஸ், நாற்பது வருஷம் கழித்து எம் அத்தையாக வந்தார். ஃபெர்கூஸனில் மைக்கேல் பிரவுன் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது ஒன்றேகால் வருஷம்தான் ஆகியிருந்தது. சூனியக்காரி செத்ததும் அடிமைகள் எழுந்து ஆடுகிற காட்சியை அந்த வருஷத்தில் பார்ப்பதும் 1975இல் பார்ப்பதும் ஒன்றாக இருந்திருக்காது. வெள்ளை நடிகர் ஒருவர்கூட இல்லையே, இது இனவெறி இல்லையா என்று அன்று ராத்திரியே புலம்பியவர்கள் உண்டு. ‘பீட்டர் பேன்’ அன்று இவர்கள் எண்ணிப் பார்த்தார்களா?

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த தேர்வு. 2016 டிசம்பர் 7, ‘ஹேர்ஸ்ப்ரே’. டிரம்ப் ஜெயித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கதை நடப்பது 1962இன் பால்டிமோரில். உள்ளூர்த் தொலைக்காட்சியில் வெள்ளை இளைஞர்கள் மட்டும் ஆடுகிற நடன நிகழ்ச்சி. கறுப்பர்களுக்கு எப்போதாவது ஒரு தனி நாள். டிரேஸி என்ற பருமனான வெள்ளைப் பெண் கறுப்பு நண்பர்களோடு சேர்ந்து அதை உடைக்கிறாள். கடைசியில் நேரடி ஒளிபரப்பிலேயே எல்லோரும் ஒன்றாக ஆடுகிறார்கள், நிகழ்ச்சி எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. இதற்கு அடிப்படை ‘தி படி டீன் ஷோ’ என்ற நிஜ நிகழ்ச்சி, 1957 முதல் அங்கே நடந்தது. 1963 ஆகஸ்டில் சிவில் உரிமை மாணவர்கள் திட்டமிட்டு உள்ளே வந்து, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடியது உண்மையிலேயே ஒளிபரப்பானது. அதற்கப்புறம் நடந்ததுதான் நாடகத்தில் இல்லை. நிலையம் சேர்ந்து ஆட அனுமதிப்பதற்குப் பதில் 1964 ஜனவரியில் நிகழ்ச்சியையே மூடிவிட்டது.

ஆக, ஒரு தொலைக்காட்சிக் கம்பெனி, தொலைக்காட்சியே கதவைச் சாத்திய சரித்திரத்தை, தொலைக்காட்சியே கதவைத் திறந்துவிட்ட கதையாக, அதுவும் நேரடி ஒளிபரப்பில் சொல்கிறது. ஊடகம் தனக்குத்தானே வழங்கிக்கொண்ட மன்னிப்பு இது. கறுப்பர்களின் போராட்டம் டிரேஸியின் நல்ல மனசுக்குச் சாட்சியாகக் குறுகுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருந்தும், ஜெனிஃபர் ஹட்ஸன் மோட்டார்மவுத் மேபெல்லாக நின்று ஊர்வலப் பாட்டைப் பாடியபோது பிரதி தன் கட்டிலிருந்து நழுவியது என்றுதான் சொல்வேன். வெள்ளைப் பெண்ணின் கதை அந்த நிமிஷங்களில் காணாமல் போகிறது. கம்பெனி தேர்ந்தெடுத்தது சமாதானத்தை. அந்தக் குரலில் வந்தது அதுவல்ல. ஒரு பிரதியை ஒரே வாசிப்புக்குள் பூட்டிவைக்க எந்த விளம்பரதாரனாலும் முடியாது என்பதற்கு இது ஓர் உதாரணம். அதை வைத்துக்கொண்டு ரொம்பவும் சந்தோஷப்படவும் வேண்டாம்.

2018 ஏப்ரல் 1, ஈஸ்டர் அன்று ‘ஜீசஸ் க்ரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ வந்தது. புரூக்ளினில், கூச்சலிடுகிற கூட்டத்துக்கு முன்னால், கறுப்பு ஏசுவாக ஜான் லெஜண்ட். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதன் ஐம்பதாம் நினைவு நாளுக்கு மூன்று நாள் முன்பு. வசனமே இல்லாத, முழுக்கப் பாடப்படுகிற பிரதி என்பதால் தொலைக்காட்சிக்கு இதுவே நன்றாகப் பொருந்தியது.

தேர்வின் எல்லை எங்கே என்று தெரிந்தது 2019இல். ஜனவரி 27 அன்று ஃபாக்ஸ் ‘ரென்ட்’ போட்டது: எய்ட்ஸ், வாடகை கொடுக்க முடியாதவர்கள், வீடற்றவர்கள். முந்தின ராத்திரி ஒத்திகையில் ரோஜராக நடித்தவரின் பாதம் முறிந்துவிட, ஒளிபரப்பியதில் பெரும்பகுதி ஒத்திகையின் பதிவு. நேரடி என்று விற்ற சரக்கு நேரடியாக இல்லை, பார்த்தவர்களும் 35 லட்சத்துக்குக் குறைவு. அதே வருஷ வசந்தத்துக்கென்று என்.பி.சி. ஏற்கனவே அறிவித்திருந்தது ‘ஹேர்’. 1968இல் பிராட்வேக்கு வந்த, வியட்நாம் யுத்தத்துக்கு ஆள் பிடிப்பதை எதிர்த்து இளைஞர்கள் அட்டையைக் கொளுத்துகிற நாடகம். அதைக் கைவிட்டுவிட்டார்கள். அந்த நவம்பரில் டிஸ்னிக்குச் சொந்தமான ஏ.பி.சி. ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ போட்டது. தன் பழைய கார்ட்டூன் படத்தையே ஓடவிட்டு, பாட்டு வருகிற இடங்களில் மட்டும் மேடையில் ஆட்களை நிறுத்திப் பாடவைத்தார்கள்.