கரும்புத் தோட்டத்துப் பெண்டிரும் புதுவை எல்லையும்

உழைப்பை நாடிப் புலம்பெயர்ந்த பெண்டிரைத் தமிழிலக்கியம் எவ்வாறு கண்டது என்று வினவுவார்க்குப் பாரதியாரின் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்னும் பாட்டையும் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ என்னும் கதையையும் காட்டுதல் வழக்கம். இரண்டும் அவலச்சுவையால் சிறந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவலம் ஒன்றே அப்பெண்டிரின் வாழ்வு முழுமையும் ஆகுமா என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தவர். அவர் பாடியது பிஜித் தீவின் பெண்டிரை. ஆனால், புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரியூனியன், மார்த்தினீக், குவாதலூப் ஆகிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தமை அத்தேவையை மிகுவித்தது. வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் ஆங்கிலேயர் ஆண்ட தென்னார்க்காட்டு ஊர்களோடு திட்டுத்திட்டாகப் பிணைந்து கிடந்தமையின், ஆங்கில ஆட்சிக்குட்பட்டோரும் எல்லை கடந்து வந்து கப்பலேறினர். 1861ஆம் ஆண்டு உடன்படிக்கை, ஆடவர் நால்வர்க்குப் பெண் ஒருவரேனும் உடன் செல்லுதல் வேண்டும் என விதித்தது. அவ்வாவணத்தில் பெண் ஓர் எண்ணாகவே நிற்கின்றாள்.

அவ்வெண்ணைக் கண்ணீருடைய உயிராக்கியது பாரதியாரின் பெருமை. அப்பெண்டிர் தாய்நாட்டையும் தாய்வீட்டையும் நினைந்து ஏங்குவரோ எனக் கவிஞர் உருகுகின்றார். இறுதியில் காளியை விளித்து முறையிடுகின்றார். பாட்டில் அவர்தம் உள்ளம் வந்த வழியையே நோக்கி நிற்கின்றது. கொடுமையை எதிர்க்கும் பாட்டிற்கு அந்நோக்கு பொருந்துவதே. ஆனால், அதனையே சமுதாய வரலாறாகக் கொள்ளுதல் பிழையாம். 1879 முதல் 1916 வரை பிஜிக்குச் சென்ற ஏறத்தாழ 60,000 இந்தியருள் பெரும்பாலோர் அங்கேயே நிலைத்தனர். நிலைத்தாரின் உள்ளம் பாட்டில் இடம்பெறவில்லை.

‘துன்பக்கேணி’ இவ்வகையில் ஒருபடி முன்செல்கின்றது. மருதி என்பாள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்கின்றாள். கதை அவளோடு நில்லாது அவள் மகள்வரை தொடர்கின்றது. தலைமுறை என்னும் அளவுகோல் புகுந்தவுடன், ‘எப்பொழுது திரும்புவாள்?’ என்னும் வினா ‘எவ்வாறு வாழ்வாள்?’ என மாறுகின்றது. எனினும், கதையின் விசை தோட்டத்து அதிகாரத்தின் கொடுமைமீதே நிற்றலின், அவ்வினா முழு விடை பெறவில்லை.

குடியமர்ந்த வாழ்வைப் பேசுதல் கொடுமையை மறைப்பதாகாதோ எனச் சிலர் வினவலாம். ஆகாது என்பதே எம் விடை. கொடுமையின் நடுவிலும் மனையறம் அமைத்தனர் என்னுங்கால் கொடுமையும் குறைவதில்லை. பெண்டிரின் ஆற்றலும் மறைவதில்லை. ரியூனியனில் இன்றும் தமிழ்வழியினர் மாரியம்மனை வழிபடுகின்றனர், தீமிதி நடத்துகின்றனர். மொழி பெரிதும் தேய்ந்த பின்னரும் மரபு எஞ்சியது எனின், அதனை மனைதோறும் காத்தவருள் பெண்டிரும் இருந்தனர் என்பது வெளிப்படை.

இவ்வாராய்ச்சி கடல் கடந்த நாடுகளோடு அமைவதன்று. 1954 நவம்பர் 1இல் புதுவையின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சுங்க எல்லை மறைந்தது. மாநில எல்லையோ இன்றும் பாகூர், வில்லியனூர் வயல்களினூடே வளைந்து செல்கின்றது. பெண் கொடுத்தலும் கொள்ளலும், நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லுதலும் அதனைப் பார்த்து நிகழ்வன அல்ல. அங்கு நடவுப்பாட்டுத் தொகுக்கப் புகும் மாணவர், பாட்டின் சோகத்தை மட்டும் குறித்துத் திரும்புதல் போதாது. பாடுபவள் எவ்வூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தாள், எவ்வேலையை யாரிடம் கற்றாள், வந்த ஊர் அவளை எப்பொழுது தன்னவளாக ஏற்றது என்பனவற்றையும் கேட்டல் வேண்டும். உடன்படிக்கை பெண்ணை எண்ணாக்கியது. நாம் அவளைக் கண்ணீராக மட்டும் சுருக்கிவிடின், அதுவும் ஒரு குறையே ஆகும்.