மருந்தாகிய விளையாட்டு: சோம்பற் கண் சிகிச்சை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

‘சோம்பற் கண்’ என்னும் பெயரே ஒரு தவறான தீர்ப்பாகும். வைத்திய நூலார் அம்பிளியோப்பியா என வழங்கும் இக்குறைபாட்டிற் சோம்பியிருப்பது கண்ணன்று. மாறுகண்ணினாலோ, இரு கண்களின் பார்வைத்திறன் ஏற்றத்தாழ்வினாலோ, பிறவிக் கண்புரையினாலோ குழந்தைப் பருவத்தில் ஒரு கண்ணிலிருந்து தெளிவற்ற அல்லது பொருந்தாத செய்தி வரும்போது, மூளை அக்கண்ணின் செய்தியைப் புறக்கணிக்கப் பழகிவிடுகிறது. நூறு பேரில் இருவர் அல்லது மூவரிடம் காணப்படும் இக்குறைபாட்டை வீட்டிலிருந்தே, அதுவும் வீடியோ விளையாட்டினாலேயே போக்கலாம் என்ற கருத்துக் கடந்த பதினைந்து ஆண்டுகளாக வலுப்பெற்று வந்துள்ளது. அக்கருத்தின் வன்மை மென்மைகளை நிதானமாக ஆராய்தல் அவசியமாகும்.

நல்ல கண்ணை மறைத்து நலிந்த கண்ணுக்கு வேலை கொடுக்கும் மரபு மிகப் பழையது. பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன் 1743ஆம் ஆண்டிலேயே இதனை விதந்துரைத்தார். 1960களில் ஹியூபெல், வீசெல் என்னும் இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடி நடத்திய பரிசோதனைகள், ஆரம்பப் பருவத்திற் பயன்படாத கண் மூளையில் தன் இடத்தை இழந்துவிடுகிறது என்பதை நிறுவின. 1981இல் அவ்விருவரும் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். இவ்வாய்வுகளிலிருந்து பிறந்த ‘நெருக்கடிப் பருவம்’ என்ற கருத்து, குறித்த வயதைக் கடந்தவர்க்குச் சிகிச்சை வீண் என்ற அவநம்பிக்கையாகவும் பரவியது. குழந்தைகளைப் பொறுத்தவரை கண்மறைப்பு பயன் தருவதே. ஆயினும் அது துன்பந்தரும் மருந்து. தெளிவாகக் காணும் கண்ணை மூடிக்கொண்டு, மங்கலாகக் காணும் கண்ணுடன் வகுப்பறையில் அமரும் பிள்ளை படும் இடர்ப்பாட்டையும், சகமாணவரின் ஏளனத்தையும் எந்தப் பார்வை அட்டையும் அளவிடுவதில்லை. 2003இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, நடுத்தரக் குறைபாட்டுக்கு நாளுக்கு 2 மணிநேர மறைப்பும் 6 மணிநேர மறைப்புக்கு நிகரான பயனைத் தரும் எனக் காட்டியமை இச்சுமையை ஓரளவு குறைத்தது.

இச்சூழலில் விளையாட்டு அரங்கேறியதில் வியப்பில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் டெனிஸ் லெவியும் அவரது சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை எனலாம். வயதுவந்த 20 பேர் அதிற் பங்குபற்றினர். நல்ல கண்ணை மறைத்துக்கொண்டு அவர்களுட் பெரும்பாலோர் பசிபிக் போர்க்களத்தைச் சித்திரிக்கும் போர் விளையாட்டொன்றை 40 மணிநேரம் ஆடினர். சிலர் நகரங்களைக் கட்டியெழுப்பும் அமைதியான விளையாட்டொன்றை ஆடினர். இரு சாராரின் பார்வைக் கூர்மையும் உயர்ந்தது. ஆனால் கண்ணை மறைத்துக்கொண்டு அன்றாட அலுவல்களைச் செய்த காலத்தில் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை.

இலக்கிய விமர்சனத்தில் நெடுநாள் விவாதிக்கப்பட்டுவரும் உருவம், உள்ளடக்கம் என்னும் பிரச்சினை இங்கு எதிர்பாராத கோலத்தில் எழுகிறது. கொலைத்தொழிலைப் பொருளாகக் கொண்ட ஆட்டமும், நகர்நிருமாணத்தைப் பொருளாகக் கொண்ட ஆட்டமும் கண்ணுக்கு நன்மை செய்தனவாயின், அந்நன்மை உள்ளடக்கத்திலிருந்து வந்திருக்க முடியாது. நலிந்த கண்ணைக் கூர்ந்து நோக்க வைத்து, அந்நோக்கின் வெற்றி தோல்வியை உடனுக்குடன் உணர்த்திய ஆட்டத்தின் அமைப்பிலேயே அது தங்கியிருக்க வேண்டும். எனினும் நகர்நிருமாண ஆட்டத்தை மட்டும் ஆடியோர் மூவரே என்பதும், பங்குபற்றியோர் யாவரும் வயதுவந்தோர் என்பதும் மறக்கற்பாலன அல்ல. விளம்பரங்கள் மறந்தது இவற்றையே.

உருவமே மருந்து என்ற கொள்கையை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர்கள் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தின் ரொபேட் ஹெஸ் குழுவினர். 1984இல் மொஸ்கோவிற் பிறந்த ரெற்றிஸ் என்னும் கட்டைகள் விழும் ஆட்டத்தை அவர்கள் இரு கண்களுக்கும் பங்கிட்டனர். விழும் கட்டைகள் ஒரு கண்ணுக்கும் தரையிற் படிந்த கட்டைகள் மறு கண்ணுக்கும் மட்டுமே தெரிந்தன. நல்ல கண் காணும் பகுதியின் ஒளிமாறுபாடு குறைக்கப்பட்டது. ஒரு கண்ணைப் புறக்கணிக்கும் மூளை இவ்வாட்டத்தில் வெல்ல இயலாது. இரு கண்களும் உடன்பட்டாலன்றி ஆட்டமே இல்லை. 18 வயதுவந்தோரைக் கொண்டு 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒற்றைக்கண் ஆட்டத்திலும் இவ்விருகண் ஆட்டமே கூடிய பயன் தந்தது. சிந்தனையின் அழகு என்ற வகையில் இதற்கு ஒப்பான சிகிச்சைகள் மிகச் சிலவே.

ஆயின் ஆய்வுகூடத்தின் அழகு வீட்டில் நிலைத்ததா? 2016இல் வெளியான ஆய்வொன்றில், 5 முதல் 12 வயது வரையிலான 385 பிள்ளைகளுள் ஒரு பகுதியினருக்கு ஐபாட் கருவியில் நாளுக்கு ஒரு மணிநேர இருகண் ஆட்டமும், ஏனையோருக்கு 2 மணிநேரக் கண்மறைப்பும் விதிக்கப்பட்டன. 16 வாரங்களின் பின் ஆட்டக்குழு சராசரியாக 1.05 வரியும், மறைப்புக்குழு 1.35 வரியும் முன்னேறின. ஆட்டம் மறைப்புக்குக் குறைந்ததன்று என நிறுவ இயலவில்லை. இதனினும் முக்கியமானது பிறிதொரு செய்தி: விதிக்கப்பட்ட ஆட்டத்தின் முக்காற் பங்குக்கு மேல் ஆடி முடித்தவர்கள் 22 சதவீதத்தினரே எனக் கருவியின் பதிவுகள் காட்டின.

இவ்வெண்ணை ஆய்வாளர் ‘ஒத்துழைப்பின்மை’ என்னும் தலைப்பின்கீழ் எழுதுவது வழக்கம். அத்தலைப்பு குற்றத்தைப் பிள்ளைமீது சுமத்துகிறது. உண்மையில் இது ஆட்டத்தின்மீது பிள்ளைகள் வழங்கிய விமர்சனமாகும். கண்மறைப்புப் பிள்ளைக்குப் பிடிக்காது, விளையாட்டுப் பிடிக்கும் என்பதே இச்சிகிச்சையின் முழு நியாயமாக இருந்தது. கட்டைகள் விழும் ஒரே ஆட்டத்தை நாள்தோறும் பதினாறு வாரம் ஆடு எனக் கட்டளையிட்டபோது அந்நியாயம் சரிந்தது. விரும்பும்போது தொடங்கவும் அலுத்தபோது விடவும் உள்ள சுதந்திரமே விளையாட்டின் உயிர். அச்சுதந்திரம் நீங்கியபின் எஞ்சுவது வீட்டுப்பாடம். அவ்வீட்டுப்பாடத்தைச் செய்விக்கும் பொறுப்பும் வைத்தியரிடமிருந்து பெற்றோரின் தோளுக்கு, பெரும்பாலும் தாயின் தோளுக்கு, மாறிவிடுகிறது. ‘வீட்டுச் சிகிச்சை’ என்னும் இனிய சொல் மறைக்கும் உழைப்பு இதுவாகும்.

அலுப்பு ஒன்றே தோல்விக்குக் காரணம் என்றால் சுவையான ஆட்டம் போதுமென அமையலாம். 2018இல் வெளியான ஆய்வு அம்முடிவுக்கும் இடந்தரவில்லை. 7 வயதுக்கு மேற்பட்ட 115 பேர் அதிற் பங்குகொண்டனர். இருகண் பங்கீடு செய்யப்பட்ட ஆட்டத்தை ஆடியோரும், அப்பங்கீடு இல்லாத போலி ஆட்டத்தை ஆடியோரும் ஏறத்தாழ ஒரே அளவே முன்னேறினர். பிள்ளைகளைக் கவரும் வகையில் அமைந்த சுரங்கம் தோண்டும் ஆட்டமொன்றும், 2016இல் 28 பிள்ளைகளிடம் இரு வாரங்களில் கண்மறைப்பை விஞ்சியது. 2019இல் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 138 பேரிடம் எட்டு வாரம் சோதிக்கப்பட்டபோது, மூக்குக்கண்ணாடி மட்டும் அணிந்தோரிலும் மேலான பயனைத் தரவில்லை. சிறிய ஆய்வின் ஒளி பெரிய ஆய்வில் மங்குதல் விஞ்ஞான வரலாற்றிற் புதிதன்று.

இவற்றைக் கொண்டு இக்கொள்கையையே நிராகரித்தல் நேர்மையாகாது. 2021இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 4 முதல் 7 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கென அனுமதித்த கருவியொன்று, தலையில் அணியும் திரையினூடாக இரு கண்களுக்கும் மாற்றியமைத்த காட்சிகளைக் காட்டுகிறது. 105 பிள்ளைகள் பங்குகொண்ட அதன் சோதனையில், 12 வாரங்களில் அதனைப் பயன்படுத்தியோர் 1.8 வரியும், கண்ணாடி மட்டும் அணிந்தோர் 0.8 வரியும் முன்னேறினர். கவனிக்கத்தக்க செய்தி யாதெனில், அப்பிள்ளைகள் ஆடியது விளையாட்டன்று. தாம் விரும்பித் தெரிந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையே பார்த்தனர். இருகண் கொள்கை நின்றது. தெரிவுச் சுதந்திரமும் ஓரளவு மீண்டது.

எனவே, தீர்மானிக்கப்பட வேண்டியது விளையாட்டு நல்லதா தீயதா என்பதன்று. கடையில் வாங்கும் எந்த ஆட்டமும் கண்ணைக் குணப்படுத்தும் என நம்பி, கண்ணாடியையும் மறைப்பையும் கைவிடும் குடும்பம் இழப்பது பணத்தை மட்டுமன்று. சிகிச்சைக்கு மிக எளிதில் இணங்கும் இளமைக் காலத்தின் மாதங்களையும் இழக்கிறது. அம்மாதங்கள் திரும்பி வருவதில்லை. முறையான பரிசோதனை, பொருத்தமான கண்ணாடி, அதன்பின் தேவையாயின் மறைப்பு அல்லது அற்றோப்பீன் துளி என்ற பழைய ஒழுங்கு இன்றும் அடித்தளமாகவே உள்ளது. விளையாட்டு அதன் மேலெழும் கட்டடமாக வளரலாம். அடித்தளத்தைப் பெயர்த்துவிட்டு நிற்க அதனால் இயலாது. பிள்ளையின் கண்ணை விளையாட்டாக எண்ணாதோரே அவ்விளையாட்டை மருந்தாக்க உரிமையுடையோர்.