மீன் ஊரில் ஒரு நாய் பாக்கெட்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போனது டச்சுக் கல்லறைக் கற்களைப் படம் எடுக்கத்தான். அந்த வேலை பாதியில் நிற்கிறது. காரணம் ஒரு நாய்க்குட்டி.

பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் டீ குடிக்க நின்றேன். பெட்டிக்கடை வாசலில் வழக்கமான சரங்கள்: ஷாம்பு, காபித்தூள், ஊறுகாய். நடுவில் நாய்ப் படம் போட்ட ஒரு சரம். பத்து வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்து, "ஒரு பெடிகிரி குடுண்ணா" என்றான். கடைக்காரர் கிழித்துக் கொடுத்தது வேறு கம்பெனி பாக்கெட். இரண்டு பேருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. ஜெராக்ஸ் மாதிரிதான், பெடிகிரி என்றால் நாய்த் தீனி.

எதிரே அவன் அம்மா வலையில் சிக்கிய நண்டுகளைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து அன்னக்கூடையில் மடவையும் கிழங்கானும். கூடையிலிருந்து மூன்றடி தள்ளி, கயிற்றில் கட்டிய வெள்ளைக் குட்டி, பொமரேனியன் கலப்பு. அது மீனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு மீன் போட மாட்டீங்களாக்கா?"

"தெருநாய்க்குப் போடுவோம் சார். இது சாதி நாய். மீன் போட்டா முடி கொட்டிடுமாம்."

"யார் சொன்னாங்க?"

யோசித்தார். நினைவில்லை. "சொன்னாங்க சார்" என்று மறுபடி நண்டுக்குத் திரும்பிவிட்டார்.

அந்த 'சொன்னாங்க'வைத் தேடிப்போனதுதான் இந்தப் பதிவு. பெயர் தெரியாத ஒருவர் சொல்லி, பெயர் தெரியாத இன்னொருவர் நம்பி, கடைசியில் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரிக்கரையில் ஒரு குட்டி மீனைப் பார்த்துக்கொண்டே தானிய உருண்டை தின்கிறது. இது தானாக நடக்காது.

அக்காவைக் குறை சொல்கிற இடத்தில் நான் இல்லை. சென்னையில் எங்கள் வீட்டு நாய்க்கு ஆறு வருஷம் மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டவன் நான். வாங்கிய கடையில், "வீட்டுச் சாப்பாடு போட்டா நாங்க கேரண்டி இல்ல சார்" என்றார்கள். போன கிளினிக்கில் எவ்வளவு எடைக்கு எவ்வளவு தீனி என்ற அட்டவணை சுவரில் இருந்தது. அதை அச்சடித்துக் கொடுத்ததே ஒரு தீனிக் கம்பெனி. அன்றைக்கு அதில் எனக்கு எதுவும் உறுத்தவில்லை. மென்பொருளில் ஒரு வரி தப்பாக இருந்தால் தூக்கம் வராதவன், பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு தடவைகூடத் திருப்பவில்லை.

அன்றைக்குத் திருப்பினேன். அதே சரத்தில் ஒரு பாக்கெட் வாங்கினேன். பெயர் வேண்டாம், பெரும்பாலும் எல்லாம் ஒரே அச்சுதான். முன்பக்கம்: பொரித்த கோழித்தொடை, கேரட், பச்சைப் பட்டாணி, மினுங்கும் முடியோடு ஒரு லாப்ரடார், 'முழுமையான சரிவிகித உணவு' என்ற வாசகம். பின்பக்கம், எறும்பு எழுத்தில், பொருட்பட்டியல். முதலில் வருவது தானியங்களும் தானிய உபபொருட்களும். அதற்கப்புறம்தான் கோழியும் கோழி உபபொருட்களும், சோயாப் புண்ணாக்கும் மற்றதும். பட்டியல் எடை வரிசையில் இருக்கும் என்பது பொது வழக்கம். அதாவது முன்பக்கத்துக் கதாநாயகன் பின்பக்கத்தில் துணை நடிகர்.

அதற்குக் கீழே எண்கள். புரதம் குறைந்தது 20 சதவீதம், கொழுப்பு குறைந்தது 10, நார் அதிகபட்சம் 5, ஈரப்பதம் அதிகபட்சம் 12. கூட்டினால் 47. சாம்பல் சத்து, அதாவது தாதுக்கள், ஒரு 8 என்று வைத்தாலும் 55தான். மீதி 45? அது மாவுச்சத்து. பாக்கெட்டில் ஆக அதிகமாக இருக்கும் பொருளுக்குத்தான் பாக்கெட்டில் எண்ணே இல்லை.

இந்த 20 ஒரு வேடிக்கையான எண். மடவையின் சதையிலும் ஏறத்தாழ 20 சதவீதம்தான் புரதம். இரண்டும் சமம் என்று தோன்றும். ஆனால் மீனில் முக்கால் பங்கு தண்ணீர், பாக்கெட்டில் 12 சதவீதம். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பாக்கெட் 23-ஐத் தொடவில்லை. மீன் முக்கால் பங்குக்கும் மேலே புரதம். ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் காயவைத்துத்தான் ஒப்பிட வேண்டும். கருவாடு போடுகிற ஊருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த 20-ஐ அளக்கும் முறையும் ஒரு கதை. ஆய்வகத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை; நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். எந்த நைட்ரஜன் என்று அந்தச் சோதனை கேட்காது. மெலமைன் என்ற வேதிப்பொருளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 1 கிராம் கலந்தால் சோதனையில் 4 கிராமுக்கு மேல் 'புரதம்' காட்டும். 2007 மார்ச்சில் மெனு ஃபுட்ஸ் என்ற கனடா நிறுவனம் 6 கோடிக்கும் மேற்பட்ட டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது இதனால்தான். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் இருந்தது; நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. நல்ல பெயர்களும் மலிவுப் பெயர்களுமாகப் பல பிராண்டுகள் அந்த ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தவை என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

படத்துக்கும் பொருளுக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளிக்கு அமெரிக்காவில் ஒரு விதியே உண்டு. அங்குள்ள தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கத்தின் மாதிரி விதிகளின்படி, வெறுமனே 'கோழி' என்று பெயர் வைக்க, சேர்த்த தண்ணீரைக் கழித்துவிட்டு 95 சதவீதம் கோழி வேண்டும். 'கோழி டின்னர்' என்றால் 25 போதும். 'கோழியுடன்' என்றால் 3. 'கோழிச் சுவை' என்றால் அளவே கிடையாது, சுவை தெரிந்தால் சரி. ஒரே ஒரு சொல்லில் 95 எங்கோ போய்விடுகிறது. நம் ஊரில்? உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, 'உணவு' என்ற வரையறையிலிருந்தே விலங்குத் தீவனத்தை விலக்கி வைத்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கு நாய், பூனை உணவுக்கென்று ஐ.எஸ். 11968 என்ற தரநிலை உண்டு. நான் வாங்கிய பாக்கெட்டில் அந்த முத்திரை இல்லை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் ஒரு விளம்பரம் செய்தவன் ஆவேன். தானியம் விஷமல்ல. ஓநாயிலிருந்து நாயாக மாறியபோது மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுக்கள் பெருகின என்று 2013-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. நம் வீட்டு நாய்கள் தலைமுறை தலைமுறையாகச் சோறு தின்றுதான் வாழ்ந்தன. இதைக் கேட்டுவிட்டு 'தானியமில்லா' பாக்கெட்டுக்கு மூன்று மடங்கு விலை கொடுக்கும் நகரத்து நண்பர்களுக்கும் ஒரு தகவல்: அப்படிப்பட்ட, பட்டாணியும் பருப்பும் மிகுந்த உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2018-இல் விசாரணையையே தொடங்கியது. தொடர்பு நிரூபணமாகவில்லை. ஆனால் நல்லது என்றும் எதுவும் நிரூபணமாகாமலேயே அந்தச் சொல் சக்கைப்போடு போட்டு விற்றது. மலிவுப் பாக்கெட்டைத் திட்டிவிட்டு விலைப் பாக்கெட்டில் போய் விழுவதும் அதே முன்பக்கத்தை நம்புவதுதான்.

அப்படியானால் லைட்ஹவுஸ் குப்பத்தில் கெட்டது என்ன? இது அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் பிடிபட்டது.

'முழுமையான சரிவிகித உணவு' என்பது பொய்யான வாசகம் அல்ல. அதே அமெரிக்கச் சங்கம் வளர்ந்த நாய்க்குச் சொல்லும் குறைந்தபட்சப் புரதம், தண்ணீர் கழித்து, 18 சதவீதம். பாக்கெட் அதைத் தாண்டுகிறது. குட்டிக்கு 22.5, அதையும் மயிரிழையில் தாண்டுகிறது. கால்சியம், வைட்டமின் எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த வாசகம் ஒரு நிபந்தனையோடுதான் உண்மை: அதை மட்டுமே, அட்டவணையில் சொன்ன அளவு முழுக்கப் போட வேண்டும். பின்பக்க அட்டவணை அந்த அளவுக் குட்டிக்கு ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு மேல் சொல்கிறது. அக்கா போடுவது என்ன? நானே கேட்டேன். அரை பாக்கெட், 20 கிராம் இருக்கும், சோற்றில் தூவி, கொஞ்சம் பால் ஊற்றிப் பிசைந்து. ஊறுகாய் மாதிரி. அந்த 20 கிராமில் புரதம் 4 கிராம். அது தள்ளிவைத்த 100 கிராம் சில்லறை மீனில் ஏறத்தாழ 18 கிராம். வளர்கிற குட்டிக்கு.

ஆக, பாக்கெட் கெடுதல் செய்வது உள்ளே இருப்பதால் அல்ல. அது வந்ததால் வெளியே போனதால். அவர் காசு கொடுத்து வாங்குவது 'முழுமை' என்ற வாக்குறுதியை. அந்த விலைக்கு, அந்த அளவுக்கு, அது கிடைக்கவே வழியில்லை.

சாஷே இதில் சும்மா வரவில்லை. ஷாம்புவைச் சின்ன சாஷேயில் போட்டு ஏழை வீட்டுக்குக் கொண்டுபோன முன்னோடி நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய தொழிலில் சிக் ஷாம்பு அதே வழியில் நாடு பிடித்தது. ஷாம்புவுக்கு அது நியாயமான யோசனை. ஒரு சாஷே ஒரு குளியலுக்குப் போதும். தீனிக்கு ஒரு சாஷே ஒரு வேளைக்கே போதாது. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் நான் வாங்கியது இருநூறு ரூபாயைத் தாண்டியது. தினக்கூலிக்காரர் தான் வாங்கும் எல்லாவற்றுக்கும் கிலோ விலை கூடுதலாகக் கொடுக்கிறார், இப்போது நாய்க்கும்.

'சாதி நாய்' என்ற சொல்லுக்கு வருகிறேன். 1860-களில் லண்டனில் நாய் பிஸ்கட்டை முதன்முதலாகப் பெரிய அளவில் விற்றவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட், இடிதாங்கி விற்ற அமெரிக்கர். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த பையன் சார்லஸ் க்ரஃப்ட், 1891-இல் தன் பெயரிலேயே நாய்க் கண்காட்சி தொடங்கினார். இன்றும் நடக்கும் 'க்ரஃப்ட்ஸ்' அதுதான். பிஸ்கட் விற்றவரும் உயர்குல நாய்க்குப் பரிசு கொடுத்தவரும் ஒருவரே. முதலில் நாய்க்கு ஒரு குலம், பிறகு குலத்துக்கேற்ற சாப்பாடு. பெடிகிரி என்ற பெயருக்கே வம்சாவளி என்றுதான் பொருள். அதை வைத்திருப்பது சாக்லேட் விற்கும் மார்ஸ், கால்நடை மருத்துவர் அலமாரியில் நிற்கும் ராயல் கேனினும் அவர்களுடையதுதான். லண்டனில் அது பட்டம். நம் ஊரில் வந்து இறங்கியபோது அதற்கு ரொம்பப் பழக்கமான ஒரு சொல் தயாராகக் காத்திருந்தது. தெருநாய்க்கு மீன், சாதி நாய்க்குப் பாக்கெட். விளம்பரக் கம்பெனிக்காரர் யாரும் குப்பத்துக்கு வந்து இதைச் சொல்ல வேண்டியதில்லை. நாமே சொல்லிக்கொள்வோம்.

முடி கொட்டும் கதை? சென்னையில் முடி மினுங்கவென்று நாய்க்கு மீன் எண்ணெய் காப்ஸ்யூல் விற்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கிறது.

இதற்காக வீட்டுச் சாப்பாடே தெய்வம் என்று சொல்ல மாட்டேன். வெறும் சோறும் குழம்பும் குட்டிக்குப் போதாது, கால்சியம் குறையும். குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். கருவாட்டில் உப்பு. சில மீன்களைப் பச்சையாகத் தினமும் போட்டால் பி1 வைட்டமின் அழியும். இந்த நாலு வரியைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஒட்டினால் போதும். பழவேற்காட்டுக்குப் போகும் வழியில், மாதவரத்திலேயே, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நான் பார்த்தவரை சுவரில் ஒட்டுகிறவர்கள் கம்பெனிக்காரர்கள் மட்டும்தான்.

போன வாரம் மறுபடி போனேன், கல்லறை வேலையை முடிக்க. அக்கா இருந்தார். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.

"அப்ப இதுல கோழி இல்லியா?"

"இருக்குக்கா. கொஞ்சம்."

"படத்துல அவ்ளோ பெரிசா போட்டுக்கிறான்?"

மீன் தலையை உப்பு, வெங்காயம் இல்லாமல் முள் நசுங்கும்வரை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து போடலாம், கூடவே டாக்டரிடம் கால்சியத்துக்குக் கேளுங்கள் என்றேன். வெங்காயம் இல்லாமல் எப்படிக் குழம்பு வைப்பது என்று கேட்டார். நாய்க்குக் குழம்பு வேண்டாமே என்றேன். சிரித்துவிட்டு, "குழம்பு கூட்றதுக்கு முன்னாடி ரெண்டு தலை தனியா எடுத்துட்டா ஆச்சு" என்றார். பையன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் கையில் அன்றைக்கும் ஒரு பாக்கெட் இருந்தது. அதிலிருக்கும் லாப்ரடார் படத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுகிறானாம்.