தச்சனும் காவியமும்

திட்டக்குடியில் எங்கள் வீட்டு வாசல் கதவை மாற்றுவதற்கு ஒரு வேதக்கார ஆசாரி வந்தார். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். காலையில் உளியைத் தொடுமுன் நெற்றியில் சிலுவை வரைந்துகொள்வார். அதன்பின் பகல் முழுதும் கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். வேலை முடிகிற சமயத்தில் பலகை ஒன்று வெடித்தது. பலகையை வாங்கி வந்தவர் என் தகப்பனார். ஈரம் காயாத மரம் என்று ஆசாரி முன்பே சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் தகப்பனார் கூலியில் இரண்டு ரூபாயைப் பிடித்துக்கொண்டார். "சரிங்க ஐயா" என்று கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனவர், மறுநாள் தாமாகவே வந்து வெடிப்பில் ஆப்பு வைத்து இழைத்துச் சரிசெய்துவிட்டுக் காசு கேட்காமல் போய்விட்டார். தகப்பனார் அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

தேம்பாவணியை நான் கையில் எடுத்தது இந்த மனிதருக்காகத்தான். சூசையப்பர் என்கிற தச்சரைத் தலைவராக வைத்து ஒரு காவியம் இருக்கிறது, அதைப் பாடியவர் நம் பக்கத்தில் நடமாடியவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பத்தில், பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எடுத்தவர் வீரமாமுனிவர். விருத்தாசலத்து அம்பிகைக்கும் பெரியநாயகி என்றே பெயர் உண்டு. 1680ல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதுக்குமேல் தமிழ் கற்ற ஒருவர், தம் மாதாவுக்கு ஊர்க்காரர்கள் வாயில் ஏற்கெனவே பழகிய பெயரையே வைத்தார். மனிதர் கெட்டிக்காரர்தான்!

1726ல் முடிந்த தேம்பாவணிக்கு மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 பாட்டு. சுவிசேஷங்களில் சூசை பேசியதாக ஒரு வாக்கியம்கூட இல்லை. பேசாத மனிதன்மேல் இத்தனை பாட்டு! தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும் என்பது நம் காவிய இலக்கணம். சிலம்பு வணிகனைத் தலைவனாக்கிவிட்டது உண்மைதான். ஆனால் கூலிக்கு மரம் இழைக்கிறவனை அந்த இடத்தில் உட்காரவைக்கத் துணிச்சல் வேண்டும். முனிவருக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. கடைசிவரை இருந்ததா என்பதே என் சந்தேகம்.

நாட்டுப் படலம், நகரப் படலம் எல்லாம் முறைப்படி வருகின்றன. எருசலேம் நல்ல தமிழ் நகரமாக ஜொலிக்கிறது. எகிப்துக்குப் போகும் வழியில் யோசுவா, கிதியோன் போர்க்கதைகள் விரிகின்றன. கம்பனையும் சிந்தாமணியையும் ஆழ்ந்து கற்றவரின் கை என்பது தெரிகிறது. நானோ இழைப்புளியின் ஓசையைத் தேடிக்கொண்டிருந்தேன். தாவீதின் குலத்தோன்றல் என்று பாடும்போது கவிக்கு வருகிற உற்சாகம், மரத்தூள் படிந்த கையைப் பாடும்போது வருவதில்லை. பட்டறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாரானால், உடனே வானவர்கள் வந்து அவரை அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஆனாலும் இரண்டு இடங்களில் அவர் நம்மை அசைத்துவிடுகிறார். இளம் வயதில் வளன் (சூசைக்கு முனிவர் இட்ட பெயர்) தவம் செய்யக் காட்டுக்குப் புறப்படுகிறான். முதியவர் உருவில் வந்த ஒரு வானவன், மனிதர் நடுவில் இருந்து பிறருக்கு உதவும் அறமே மேல் என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்புகிறான். இதை எழுதியவர் யார்? வீட்டையும் நாட்டையும் விட்டு வந்த துறவி! தம் வாழ்க்கைக்கு எதிர்க்கட்சியில் நின்று இவ்வளவு பரிவோடு வாதாடியிருக்கிறாரே என்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று யோசித்தேன்.

இன்னொரு இடம், ஐயம் தோற்று படலம். மனைவி கருவுற்றிருக்கிறாள், தான் காரணமல்ல என்பது அவனுக்குத் தெரியும். நாவல் எழுதுகிற எவனும் இங்கே காதைத் தீட்டிக்கொள்வான். ஊரைக் கூட்டினால் அவள் உயிருக்கே ஆபத்து. பேசாமல் இருந்தால் தன் நெஞ்சு எரிகிறது. யாருக்கும் தெரியாமல் விலகிப்போய்விடலாம் என்று நினைக்கிறான். நியாயம் தன் பக்கம் இருப்பதாகத் தோன்றும்போதும் மற்றவரை அவமானப்படுத்த மனம் வராமை! இதற்குக் காடும் வேண்டாம், மடமும் வேண்டாம். ஒரு சின்ன வீடும், தூக்கம் வராத ஓர் இரவும் போதும். இந்தப் படலத்தில் என் ஆசாரியை முகத்துக்கு முகம் பார்த்தேன்.

உழைப்பாளியான சூசைக்கென்று மே முதல் தேதியைத் திருநாளாகப் பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்தியது 1955ல். குடும்பஸ்தரும் கூலிக்காரரும் உட்பட எல்லோருமே புனிதத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று வத்திக்கான் சங்கம் 1964ல் எழுதிவைத்தது. முனிவர் இருநூறு வருஷத்துக்கு மேல் முந்திக்கொண்டார். எனக்குள்ள குறையெல்லாம், முந்திக்கொண்டவர் அலங்காரங்களுக்காக அடிக்கடி திரும்பிப் பார்க்கிறாரே என்பதுதான். அவரே அடுத்த வருஷம் உபதேசியார்களுக்காக வேதியர் ஒழுக்கத்தை வசனத்தில் எழுதினார். தச்சனின் கதையையும் வசனத்தில் எழுதியிருக்கக்கூடாதா என்று ஆசைப்படுகிறேன். பண்டிதர்கள் என்னை மன்னிக்கவேண்டும்.

காவியம் முடிசூட்டு படலத்தில் முடிகிறது. அதை ஒரு தடவை வாசித்தேன். மறுபடி வாசிக்கத் தோன்றவில்லை. ஐயம் தோற்று படலம் உள்ள பக்கங்கள் மட்டும் என் பிரதியில் தையல் விட்டுப்போய்க் கிடக்கின்றன. என் தகப்பனார் கடைசிக் காலத்தில் ஒரு நாள், அந்த ஆசாரி எங்கே இருக்கிறார் என்று விசாரித்து வரச் சொன்னார். போய்க் கேட்டேன். ஆசாரி காலமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது.