வீடு விற்குமுன் அடித்துப் பார்க்க வேண்டிய டார்ச்

கெங்கவல்லியில் அப்பா கட்டிய வீட்டை விற்பது என்று முடிவானதிலிருந்து கான்வாய் எஸ்2+ புற ஊதா டார்ச் தினமும் என் கையில்தான். 18650 பேட்டரி, அலுமினிய உடல், சட்டைப்பைக்குள் அடங்கும் அளவு எல்லாம் தெரிந்த சங்கதி. பூனை மூத்திரக் கறையைத் தேட இதை வாங்க ஒரே காரணம் இதன் ஒளியின் அலைநீளம், 365 நானோமீட்டர்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395. அடித்தால் அறையே ஊதா நிறமாகிவிடும். தேடிய கறை அந்த வெளிச்சத்தில் அமுங்கிப்போகும். நாய், பூனைக் கறைக்கென்றே விற்கிறார்கள், பலர் அட்டையில் அலைநீளத்தை மட்டும் போடுவதில்லை. எனக்கு இதில் நிஜமாகவே கோபம். 365-இல் கண்ணில் படும் வெளிச்சம் சொற்பம். அதனால் கறை மட்டும் வெளிர்மஞ்சளாகத் துலங்கும்.

வீடு பார்க்க வந்த புரோக்கர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். "அண்ணே, பூனை வாடை அடிக்குதுங்க. பார்ட்டிய இப்பக் கூட்டியாந்தா வெலயக் கொறச்சுத்தான் கேப்பாங்க." தினமும் அங்கேயே புழங்கும் மூக்குக்கு அது உறைக்காது. ராத்திரி விளக்கை அணைத்து அடித்தால் எல்லாம் தெரிந்தது. பீரோவுக்குப் பின்னால் சுவரில் ஒரு சாண் உயரத்தில் கடுவன் பீய்ச்சிய கோடுகள், கீழே சிவப்பு ஆக்சைடு தரையின் விரிசல்வரை வழிந்திருந்தன. தம்மம்பட்டியில் செதுக்கி வாங்கிய நிலைக்கதவிலும், கொடி வேலைப்பாட்டின் பள்ளங்களுக்குள் அதே மஞ்சள்.

கறையைக் கண்டதும் ஃபினாயில் பாட்டிலைத் தேடாதீர்கள். ஃபீனால் வகை ரசாயனங்களைப் பூனையின் கல்லீரலால் சரிவர முறிக்க முடியாது. ஃபினாயிலை மிதித்த பாதத்தைப் பூனை நக்கும். வெறும் தண்ணீரும் உதவாது. யூரிக் அமிலப் படிகம் தண்ணீரில் லேசில் கரையாது, ஐப்பசி ஈரக்காற்று பட்டதும் வாடை திரும்பக் கிளம்பும். என்சைம் கிளீனரை விரிசலுக்குள் இறங்கும்படி ஊற்றி, ஊறவிட்டு, தானாகக் காயவிட வேண்டும்.

ஒரு குறை இந்த வகை டார்ச் எல்லாவற்றுக்கும் உண்டு: சோப்புத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருளும் ஒளிரும். சோப்புப் போட்டுத் துடைத்த இடத்தில் எது கறை என்று பிரிக்க, குனிந்து முகர்ந்துதான் பார்க்க வேண்டும்.

எதிர்பாராத லாபம் கொல்லையில். விறகடுக்கில் அடித்தால் தேள் நீலப்பச்சையாக மின்னுகிறது. மூக்கை எங்கும் நுழைக்கும் நாட்டு நாய் வளர்ப்பவருக்கு இதற்காகவே கொடுத்த காசு தகும்.

ஆனால் இந்த ஒளி கண்ணுக்குக் கெடுதல். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு, நாயையும் பூனைகளையும் வேறு அறையில் விட்டுவிட்டு அடியுங்கள்.