18 வயதும் பாதுகாவலர் சான்றிதழும்

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோரின் இயல்பான காப்பாளர் உரிமை இந்தியச் சட்டத்தில் முடிந்துவிடுகிறது. பிள்ளை இன்னும் பேசவில்லை, தனியாகச் சாலையைக் கடக்க முடியாது என்பதெல்லாம் அந்த விதியைத் தள்ளிப்போடுவதில்லை. நேற்றுவரை மகனின் வங்கிக் கணக்கில் காப்பாளராகக் கையெழுத்திட்ட தாய், இன்று சட்டத்தின் பார்வையில் வயதுவந்த ஒருவரின் உறவினர் மட்டுமே. இந்த வெற்றிடத்தை நிரப்பக் குடும்பங்கள் நாடுவது, நேஷனல் டிரஸ்ட் சட்டம் என்று அறியப்படும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கிடைக்கும் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்றிதழ்.

இந்த ஏற்பாட்டின் நன்மைகள் சிறியவை அல்ல. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் பட்டியலிட்ட ஏழு வகைகளில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பெயர்சொல்லிச் சேர்த்துக்கொண்டது. நீதிமன்றப் படியேறாமல் மாவட்ட அளவிலேயே வேலை முடிகிறது. மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி, பதிவுபெற்ற அமைப்பு ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் கொண்ட உள்ளூர் குழு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறது. கிடைக்கும் சான்றிதழை வைத்து வங்கிக் கணக்கை இயக்கலாம். குடும்ப ஓய்வூதியம், சொத்து தொடர்பான வேலைகளைப் பார்க்கலாம். பாதுகாவலருக்குக் கடமையும் உண்டு. நியமனமான 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். நிதியாண்டு முடிந்த 3 மாதத்துக்குள் ஆண்டுக் கணக்கு காட்ட வேண்டும். "எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துப்பா?" என்று கேட்டுக் கலங்கும் பெற்றோருக்கு, அரசு முத்திரையோடு கிடைக்கும் முதல் பதில் இந்தக் காகிதம்தான். அந்த ஆறுதலைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

சான்றிதழ் வாங்கினால் பிள்ளையின் வாக்குரிமை போய்விடும் என்ற பயம் மட்டும் தேவையற்றது. மனநிலை சரியில்லாதவர் என்று தகுதிபெற்ற நீதிமன்றம் அறிவித்தால்தான் வாக்காளர் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்க முடியும் என்பது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் நிலை. உள்ளூர் குழு நீதிமன்றம் அல்ல.

இந்த ஏற்பாட்டின் குறைகளைத் தேட வெகுதூரம் போக வேண்டாம்; 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்திலேயே அவை இருக்கின்றன. 14ஆம் பிரிவின்படி பெற்றோரோ உறவினரோ தாம் விரும்பும் ஒருவரைப் பாதுகாவலராக்க விண்ணப்பிக்கலாம். பதிவுபெற்ற அமைப்புக்கும் வழி உண்டு. யாருடைய வாழ்க்கை பற்றிய விண்ணப்பமோ, அவர் விண்ணப்பிக்க இடமில்லை. குழு பார்க்க வேண்டியவை இரண்டு: பாதுகாவலர் தேவையா, எந்த நோக்கங்களுக்குத் தேவை. அந்த இளைஞரின் விருப்பம் என்ன என்ற கேள்வி அந்தப் பிரிவில் இல்லை. பாதுகாவலர் கொடுமைப்படுத்தினாலோ சொத்தைக் கையாடினாலோ நீக்கக் கோரலாம் என்கிறது 17ஆம் பிரிவு. அங்கும் கோரக்கூடியவர்கள் பெற்றோர், உறவினர், அமைப்பு மட்டுமே. கொடுமைக்கு ஆளானவர் அந்தப் பட்டியலில் இல்லை. பாதுகாவலரே பெற்றோராக இருந்து, வேறு உறவும் நெருங்காத வீடு என்றால் இந்தப் பிரிவு யாருக்கு உதவும்? இதைவிடப் பெரிய ஓட்டை இந்தச் சட்டத்தில் இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த இடத்தில்தான் திசை மாற்றியது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றதன் தொடர்ச்சி அது. அதன்படி பாதுகாவல் என்பது இருவரும் சேர்ந்து முடிவெடுக்கும் ஏற்பாடு. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, மாற்றுத்திறனாளியின் விருப்பப்படி நடப்பது. வேறு சட்டங்களின் கீழ் நியமனமான பாதுகாவலர்களும் இனி இந்த வரம்புக்குள்ளேயே செயல்படுவதாகக் கருதப்படுவர். நியமனத்தை எதிர்த்து மாற்றுத்திறனாளியே மேல்முறையீடு செய்யலாம். ஆக, சான்றிதழ் பழைய சட்டத்தில் பிறக்கிறது. அதன் அதிகாரத்தைப் புதிய சட்டம் சுருக்குகிறது. சான்றிதழைக் கையில் வாங்கும் தந்தைக்கு யாராவது இதை எடுத்துச் சொன்னாலொழிய, மகனின் எல்லா முடிவுகளும் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதாகவே அவர் எண்ணிக்கொள்வார்.

அந்த எண்ணம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கு காட்டுகிறது. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, அறிவுசார் குறைபாடுள்ள வயதுவந்த பெண் பாலியல் வன்முறையால் கருவுற்றார். அவருக்குக் குழந்தை பெறவே விருப்பம். உயர் நீதிமன்றமோ கருக்கலைப்புக்கு உத்தரவிட்டது. அவருடைய சம்மதம் இல்லாமல் அதைச் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. நல்லெண்ணத்தோடு மற்றவர்கள் எடுத்த முடிவும் ஒருவரின் உடல்மீதான உரிமையைப் பறிக்கலாம் என்பதற்கு இந்த வழக்கே போதும்.

ஆனாலும் ஒரு மறுப்பைக் கேட்டாக வேண்டும். பேச்சில்லாத, வலியைக்கூடச் சொல்லத் தெரியாத, இரவும் பகலும் ஆள் தேவைப்படும் இளைஞரின் விருப்பத்தை எப்படி அறிவது? மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. குழு 2014இல் தந்த விளக்கம், பிறர் முடிவெடுக்கும் முறைகளை நீக்கிவிட்டு, முடிவெடுக்க உதவும் முறைகளைக் கொண்டுவரச் சொல்கிறது. பெரு நாடு 2018இல் வயதுவந்த மாற்றுத்திறனாளிகளுக்கான பாதுகாவல் முறையையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு உதவியாளர் முறைக்கு மாறியது. கொள்கை சரியானது. ஆனால் வங்கிக் கிளையில் நிற்கும் தாயிடம் கேட்கப்படுவது கொள்கையல்ல, சான்றிதழ். உதவியாளர் என்ற நிலையை நிரூபிக்க எளிய ஆவணம் இங்கே பழக்கத்துக்கு வராதவரை, சான்றிதழை வாங்காதே என்று குடும்பத்திடம் சொல்வது அவர்களை நடுத்தெருவில் விடுவதாகும்.

எனவே வழக்கத்தின் உண்மையான குறை விண்ணப்பிப்பதில் இல்லை, அதற்கு முந்தைய நான்கைந்து ஆண்டுகளில் இருக்கிறது. 13, 14 வயதிலிருந்து முடிவெடுக்கப் பழக்கினால், 18இல் எந்த முடிவுக்குத் துணை வேண்டும் என்பது குடும்பத்துக்கே தெரிந்திருக்கும். பழக்குவதற்கும் முறை உண்டு. ஆட்டிசம் உள்ள பலர் கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வர், "தோசையா, இட்லியா?" என்றால் "இட்லி" என்பது விருப்பமாகவும் இருக்கலாம், கடைசியாகக் காதில் விழுந்ததாகவும் இருக்கலாம். வரிசையை மாற்றிக் கேட்டும், படமாகவோ பொருளாகவோ காட்டியும், பதிலுக்கு நேரம் கொடுத்தும்தான் இதைப் பிரித்தறிய முடியும். பேச்சில்லாதவர்களுக்குப் பட அட்டைகளும், சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலிகளும் உள்ளன. உடையிலும் உணவிலும் தொடங்கும் தேர்வு, கைச்செலவுப் பணம், கைப்பேசி, மருத்துவரிடம் "வேண்டாம்" என்று சொல்வது என்று வளர வேண்டும். சொன்னதைச் செய்வதையே நல்ல நடத்தை என்று பாராட்டி வளர்த்த பிள்ளை, தொடக்கூடாத இடத்தில் தொடுபவரிடமும் பணிந்துபோகும் என்பதால் மறுக்கக் கற்பது பாதுகாப்புப் பாடமும்கூட.

இந்தப் பழக்கம் இல்லாத இளைஞர் நேரே ஆட்சியர் அலுவலகக் கூட்டத்துக்கு வந்து சேர்கிறார். இரைச்சலில் காதைப் பொத்திக்கொள்கிறார். புதியவரின் கேள்விக்குப் பதில் வருவதில்லை. அந்தச் சில நிமிடங்கள் அவருடைய இயலாமைக்குச் சான்றாகிவிடுகின்றன. குழுவிலுள்ள மாற்றுத்திறனாளி உறுப்பினர் ஆட்டிசத்தை அறிந்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. பழகிய இடத்தில், பழகியவர் துணையோடு, அவருடைய தொடர்பு முறையிலேயே கேட்பதைக் குழுக்கள் வழக்கமாக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் நோக்கத்தை எழுதும்போது "அனைத்துக்கும்" என்று விடாமல், சேமிப்புக் கணக்கு, ஓய்வூதியம், அறுவைச் சிகிச்சைக்கான சம்மதம் என்று பெயரிட்டு எழுதலாம். பாதுகாவலராகும் அண்ணனோ தங்கையோ அதை மனமொப்பி ஏற்கிறாரா என்று முன்பே பேசிக்கொள்வதும் அவசியம். பல வீடுகளில் இந்தப் பேச்சு பெற்றோர் படுத்த பிறகே நடக்கிறது. பாதுகாவலர் இறந்தால் அடுத்தவருக்கு மீண்டும் குழுவிடம் போக வேண்டியிருக்கும். வருபவருக்குச் சொத்துப் பட்டியலும் கணக்கும் கிடைத்துவிடும். அந்த இளைஞர் எதை விரும்புவார், எப்படி மறுப்பார், வலி வந்தால் எதைக் காட்டுவார் என்பதைப் பெற்றோர் எழுதி வைத்திருந்தால்தான் அதுவும் கிடைக்கும்.