களப்பை அறிந்து வகுக்கும் பயணம்

புறக்கோட்டையிலிருந்து 240ஆம் இலக்கப் பேருந்தில் சென்றடையக்கூடிய நீர்கொழும்புக் களப்பு, அதாவது குறுகிய வாயொன்றினால் கடலோடு இணைந்திருக்கும் உவர்நீர்ப் பரப்பு, சுமார் 32 சதுர கிலோமீற்றர் விரிந்திருந்தும் ஏறத்தாழ ஒரு மீற்றர் சராசரி ஆழமே உடையதாகையால், அங்கு கோடைகால வள்ளப் பயணத்தைத் திட்டமிடுவது தூரத்தைக் காட்டிலும் ஆழத்தைக் கணிக்கும் கலையாக அமைகிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் வெட்டுவித்த ஹமில்டன் கால்வாயில் தொடங்கி, முத்துராஜவெல சதுப்பு நிலத்தையும் கண்டற் காடுகளையும் கடந்து, வடமுனையில் கடல்வாயை அண்டிய முன்னக்கரை, பிட்டிபன இறங்குதுறைகளை அடைவது இயல்பான வழியாகும்.

சித்திரை மாதம் இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலமாதலால், பிற்பகலில் இடிமழை எழுவது வழக்கம். ஆகவே விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் கரைசேருமாறு நேரம் வகுப்பதே தகும். மீன்கள் ஒதுங்குவதற்காக மரக்கிளைகளை நீரில் நட்டு மீனவர் அமைக்கும் செயற்கைப் புதர்களும், கடல்வாயருகே நீரோட்டத்தை எதிர்நோக்கிக் கட்டப்படும் வலைகளும் அவர்களது வாழ்வாதாரமாதலால், வள்ளம் அவற்றை விலகியே செல்ல வேண்டும்.

நீரின் போக்கையும் அதில் உழைப்போரின் உரிமையையும் ஒருங்கே மதிக்கும் திட்டமே நல்ல திட்டமாகும்.